பழைய காருக்குப் புதுக் கம்ப்ரசர்

எங்க பக்கம் கம்ப்ரசர்னு சொன்னா முதல்ல ஞாபகத்துக்கு வர்றது போர்வெல்தான். ஆழ்துளைக் கிணத்துல தண்ணி கொஞ்சமா ஊறுற இடத்துல மோட்டார் இறக்கினா கட்டுபடி ஆகாது. மேல ஒரு கம்ப்ரசரை வெச்சு, குழாய் வழியா காத்தை அடிக்கு அனுப்புவாங்க. அந்தக் காத்து தண்ணியைத் தூக்கிக்கிட்டு மேல வரும். ராத்திரி பூரா டபடபன்னு சத்தம் கேட்டா யாரோ தோட்டத்துல கம்ப்ரசர் ஓடுதுன்னு அர்த்தம். ரெண்டாவது கம்ப்ரசர் பால் சொசைட்டியில இருக்கு. கறக்குறப்ப மாட்டோட உடம்புச் சூட்டுல வர்ற பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவர்ற பெரிய தொட்டிக்கு உண்டானது அது. மூணாவது கம்ப்ரசர் காருக்குள்ள இருக்கறது. அதை நான் ரொம்ப நாளா கண்டுக்கிட்டதே இல்லை. போன 2024 சித்திரையில அது எனக்கு நல்லாப் பாடம் எடுத்துச்சு. அதைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

டவுன்ல இருக்கறவங்களுக்குக் காருல ஏசி ஓடாட்டி அன்னிக்கே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுருவீங்க. எங்க ஊர்ல அப்படி இல்லீங்க. ஏசி ஓடலைன்னா, கண்ணாடியை இறக்கி விட்டுட்டுப் போவாங்க. "வெயில்ல மம்பட்டி புடிக்கிறவனுக்குக் காருல மட்டும் குளுகுளுன்னு இருக்கோணுமாக்கும்?" அப்படின்னு கேக்குற ஊரு. கேக்குறதுல நியாயமும் இருக்கு. நானும் காட்டுல வேகுற ஆளுதான். எனக்காக மட்டும்னா அந்தக் கம்ப்ரசரை நான் மாத்தியே இருக்க மாட்டேன்.

எங்கம்மாவுக்கு வயசு 76. ரெண்டு சிறுநீரகமும் வேலை செய்யறதில்லை. 2022ல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஈரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் டயாலிசிஸ் பண்ணிக் கூட்டிக்கிட்டு வர்றோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கறதால அங்க காசு கட்ட வேண்டியதில்லை. ஆனா போக வர ஆகுற செலவு நம்மளது. எங்க தோட்டம் அந்தியூருக்கு உள்ள. அங்கிருந்து பவானி, பவானியில இருந்து ஈரோடு. ஒரு நடைக்கு 40 கிலோமீட்டர். காலையில 10 மணிக்கு மிஷின்ல படுக்க வெச்சா மத்தியானம் 2 மணிக்கு எடுப்பாங்க. கையில ஊசி குத்துன இடத்தை அமுக்கிப் புடிச்சு, ரத்தம் நின்னுச்சான்னு பாத்து, வெளிய வர்றப்ப ரெண்டரை ஆயிரும். சித்திரை வெயில்ல ரெண்டரை மணின்னா எப்படி இருக்கும்னு ஈரோட்டுக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. அந்த வருஷம் 42 டிகிரியையும் தாண்டி அடிச்சுது. தார் ரோடு தூரத்துல தண்ணி நிக்குற மாதிரித் தெரியும்.

டயாலிசிஸ் பண்ணுறவங்களைப் பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் இதோட கஷ்டம் தெரியும். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் கணக்கு. தண்ணி, காப்பி, மோர், ரசம் எல்லாம் அதுக்குள்ள அடங்கோணும். உள்ள போன தண்ணி வெளிய போக வழியில்லை. உடம்புல தேங்கும், கால் வீங்கும், கடைசியில நெஞ்சுல ஏறி மூச்சை அடைக்கும். ஆனா வெயில் அடிச்சா தாகம் எடுக்காம இருக்குமா? தாகம் எடுக்குது, குடிக்கக் கூடாது. இதுதான் கொடுமை. நர்ஸம்மா ஒருத்தங்க, "ரொம்ப முடியலைன்னா ஒரு துண்டு ஐஸை வாயில போட்டுக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லித் தந்தாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, மிஷின்ல இருந்து எடுத்த உடனே அம்மாவுக்கு பிரஷர் எறங்கிரும். தலை சுத்தும். அந்த நேரத்துல அனல் காத்து பட்டா இன்னும் எறங்கும்னு டாக்டர் முதல்லயே சொல்லியிருந்தாரு. ஆக, அந்த 40 கிலோமீட்டர் குளிர்ச்சி எங்கம்மாவுக்கு மருந்து மாதிரி. மாத்திரைச் சீட்டுல எழுதித் தரலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க வண்டி 2006 மாடல். நாலு கதவு வெச்ச சின்னக் கார், பெட்ரோல். என்ற மச்சான் வெச்சிருந்தது. 15 வருஷம் முடிஞ்சு 2021ல ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிச்ச கையோட 90,000 ரூபாய்க்கு என்கிட்டக் கொடுத்தாரு. இஞ்சின் நல்ல இஞ்சின். ஏசி மட்டும் ஆரம்பத்துல இருந்தே சுமார்தான். மச்சான்கிட்ட இருந்தப்பவே வருஷா வருஷம் கேஸ் அடிச்சுத்தான் ஓட்டுவாங்களாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பி வர்றப்ப, பவானி தாண்டினதும் முன்னால இருந்து கரகரன்னு ஒரு சத்தம். கல்லு இல்லாத வெறும் ஆட்டாங்கல்லை ஆட்டுற மாதிரி. ஏசி பட்டனை அமுத்தி நிறுத்தினா சத்தமும் நிக்குது. போட்டா மறுபடி கரகர. காத்து வருது, ஆனா குளிர்ச்சி இல்லை, வெக்கைக் காத்து. நிறுத்திட்டுக் கண்ணாடியை இறக்கினேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. முந்தானையை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டுக் கண்ணை மூடிக்குச்சு.

அடுத்த நாளே டவுன்ல ஒரு கடைக்கு வண்டியை எடுத்துட்டுப் போனேன். போனெட்டைத் தூக்கிப் பாத்த பையன், "கேஸ் கம்மியா இருக்குதுங்ணா. அடிச்சா சரியாயிரும். 1,800 ஆகும்"னான்.

"கேஸ் கம்மின்னா எங்க போச்சு தம்பி?"

"அதெல்லாம் பழைய வண்டியில அப்படித்தானுங்ணா."

"சரி, அப்ப இந்தச் சத்தம் எதுக்கு வருது?"

அதுக்குப் பதில் வரலை. வாய்க்கால் உடைஞ்சு கிடக்குறப்ப மடையை இன்னும் கொஞ்சம் திறந்து விட்டா வயலுக்குத் தண்ணி போய்ச் சேருமா? உடைப்பை அடைக்காம ஊத்துற தண்ணி அடுத்தவன் காட்டுக்குத்தான் போகும். நான் வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏசி இல்லாமப் போனோம். துண்டை நனைச்சு ஜன்னல்ல கட்டி வெச்சேன். பவானி வர்றதுக்குள்ள காஞ்சிருச்சு. காலையில 6 மணி ஷிப்டுக்கு மாத்திக் குடுக்க முடியுமான்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். அந்த நேரத்துல ஒரு படுக்கையும் காலி இல்லை. எல்லாருக்கும் அதே வெயில்தானே. அடுத்த செவ்வாயும் அப்படியே போச்சு. அன்னிக்கு அம்மாவை வண்டியில இருந்து நான் தூக்கித்தான் எறக்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில வண்டியைத் துடைச்சு நிறுத்திட்டுக் கூப்பிட்டா அம்மா வரலை. "இன்னிக்கு வேண்டாஞ் சாமி. ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. செவ்வாக்கிழம போய்க்கலாம்"னுச்சு. நானும் என்ற சம்சாரமும் எவ்வளவோ சொல்லிப் பாத்தோம். கட்டிலைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கவே இல்லை. ஞாயித்துக்கிழமை ராத்திரி 12 மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. படுத்தா முடியலை, உக்காந்தா கொஞ்சம் தேவலை. அந்த ராத்திரியில 40 கிலோமீட்டர் எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியலை. ராத்திரிங்கறதால கண்ணாடி இறக்கினாக் காத்து வந்துது, அது ஒண்ணுதான் ஆறுதல். அவசரமா மிஷின்ல போட்டாங்க. விடிஞ்சப்பறம் டாக்டர் வந்து, "ஒரு தடவை கூட விடக் கூடாது. தண்ணி மட்டும் இல்ல, பொட்டாசியம் ஏறி இதயமே நின்னு போயிரும்"னு சொன்னாரு.

அம்மா என்கிட்டச் சொல்லலை. என்ற சம்சாரத்துகிட்டச் சொல்லியிருக்குது: "அந்த அனல்ல வெந்துக்கிட்டு வர்றதுக்கு, இங்கயே கட்டில்ல போயிரலாம் அம்மிணி."

அன்னிக்கு மத்தியானம் ஆஸ்பத்திரி மரத்தடியில உக்காந்து ஒரு சீட்டுல கணக்குப் போட்டேன். விவசாயிக்கு எந்த முடிவுன்னாலும் கடைசியில கணக்குத்தானுங்க. வாடகைக் கார் புடிச்சா, போக வர 80 கிலோமீட்டர், நாலு மணி நேரம் நிக்கோணும், 2,000 ரூபாய் கேக்குறாங்க. மாசத்துக்கு 8, 9 நடை. 16,000ல இருந்து 18,000. பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போகலாம்னா, மிஷின்ல இருந்து எடுத்த உடம்பு பஸ் ஏறுற நிலைமையில இருக்காது. பெங்களூருல இருக்குற பையன் போன்ல, "அப்பா, அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம். மாசத் தவணையை நான் கட்டறேன்"னான். அவனுக்கு வீட்டுக் கடன் ஓடுது, குழந்தைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் ஓடுது. அதுக்கு மேல ஒரு பாரத்தை ஏத்த எனக்கு மனசு இல்லை. "பாக்கலாங் கண்ணு"ன்னு போனை வெச்சேன்.

அப்பத்தான் சொசைட்டி பால் தொட்டி ஞாபகம் வந்துச்சு. அந்தத் தொட்டி ரிப்பேர் ஆனா வந்து பாக்குற மெக்கானிக் ஒருத்தர், பவானி ரோட்டுல சொந்தமா ஷெட் போட்டுக் காருக்கும் ஏசி வேலை பாக்குறாரு. ஐ.டி.ஐ.யில குளிர்சாதன வேலை படிச்சவரு. என்னை விட 10 வயசு இளையவரு. ஒரு தடவை கோடையில தொட்டி நின்னு, 600 லிட்டர் பால் கெட்டுப் போகப் பாத்தப்ப, ராத்திரியில வந்து உக்காந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போனாரு. அப்படிப்பட்ட ஆளு.

திங்கக்கிழமை சாயங்காலமே வண்டியை அவருகிட்டக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவரு முதல்ல கேஸ் டப்பாவைத் தொடவே இல்லை. சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணுன்னு ரெண்டு மீட்டர் வெச்ச கேஜை மாட்டினாரு. இஞ்சினை ஓட விட்டு ஏசியைப் போடச் சொன்னாரு. ரெண்டு முள்ளையும் காட்டிச் சொன்னது எனக்கு நல்லா விளங்குச்சு.

"இங்க பாருங்ணா. நீல முள்ளு 35 கிட்ட இருக்கோணும். 75ல நிக்குது. சிவப்பு முள்ளு இந்த வெயிலுக்கு 200க்கு மேல போகோணும். 110ஐத் தாண்டலை. உறிஞ்சுறதும் இல்ல, தள்ளுறதும் இல்ல. கம்ப்ரசர் போயிருச்சு."

கிணத்து மோட்டார் மாதிரிதான். உள்ள தேஞ்சு போன மோட்டார் சுத்துறது சுத்தும், தண்ணி மேல வராது.

அப்புறம் அவரு விளக்கினதை நான் புரிஞ்சுக்கிட்ட விதத்துல சொல்லறேன். காருக்குள்ள ஏசி குளிரை உண்டாக்குறது இல்லை. உள்ள இருக்குற சூட்டை எடுத்து வெளிய கொண்டுபோய்க் கொட்டுது. டேஷ்போர்டுக்குள்ள ஒரு கூலிங் காயில் இருக்கு. அதுக்குள்ள கேஸ் திரவமா நுழைஞ்சு ஆவியாகும். ஆவியாகுறப்ப சுத்தி இருக்குற சூட்டை இழுத்துக்கும். மண் பானையில தண்ணி கசிஞ்சு ஆவியாகுறப்ப உள்ள இருக்குற தண்ணி குளிருதே, அதே சூத்திரம்தான். அந்த ஆவியைக் கம்ப்ரசர் உறிஞ்சி, அமுக்கி, கொதிக்கக் கொதிக்க முன்னால ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்குற கண்டென்சருக்கு அனுப்பும். அங்க எதிர்காத்து பட்டுச் சூடு எறங்கி மறுபடி திரவமாகும். வழியில ட்ரையர்னு ஒரு குப்பி, ஈரத்தையும் குப்பையையும் புடிச்சு வெச்சுக்கும். அப்புறம் எக்ஸ்பேன்ஷன் வால்வுங்கற சின்ன ஓட்டை வழியா மறுபடி கூலிங் காயிலுக்கு. இப்படிச் சுத்திக்கிட்டே இருக்கும். கம்ப்ரசர் சுத்துறதுக்கு இஞ்சின்ல இருந்து பெல்ட்.

இதுல முக்கியமான விஷயம் எண்ணெய். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் தனியா ஒரு இடத்துல நிக்குறதில்லை. கேஸோட கலந்து அதுவும் சுத்திக்கிட்டே இருக்கும். கேஸ் ஒழுகினா அதோட சேந்து எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகும். வருஷா வருஷம் கேஸ் மட்டும் அடிச்சுக்கிட்டே வந்தா, குளிர்ச்சி வரும், ஆனா கம்ப்ரசர் எண்ணெய் இல்லாம வறண்டு தேயும். இந்த வண்டிக்கு நடந்தது அதுதான். கண்டென்சர்ல கல்லுப் பட்ட ஒரு இடத்துல எண்ணெய்ப் பிசுக்கும் அது மேல மண்ணும் அப்பிக் கிடந்துச்சு. விரலால தொட்டுக் காட்டினாரு. "ஓட்டை இங்கதானுங்ணா. இத்தன வருஷமா இதை யாரும் பாக்கலை."

அடுத்து ஒரு குழாயைக் கழட்டி, உள்ள விரலை விட்டு எடுத்து வெயில்ல காட்டினாரு. எண்ணெய் கறுப்பா இருந்துச்சு, அதுல பொடிப் பொடியா மினுமினுப்பு. கம்ப்ரசர் தேஞ்ச இரும்புத் தூள். "புதுக் கம்ப்ரசரை மட்டும் மாட்டினா, இந்தத் தூளு பூரா அதுக்குள்ள போய், ரெண்டு மாசத்துல அதையும் தின்னுரும். கண்டென்சர் குழாய் எல்லாம் ஊசி கனம். அதுக்குள்ள போனதைக் கழுவி எடுக்க முடியாது. அதையும் மாத்தோணும். மாத்தலைன்னா என்கிட்ட வேலைக்கு விட வேண்டாம், நான் செய்ய மாட்டேன்"னு கறாராச் சொல்லிட்டாரு. அப்படிச் சொன்னப்பத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

சீட்டுல எழுதிக் கொடுத்தாரு. புதுக் கம்ப்ரசர் 13,500. கண்டென்சர் 3,800. ட்ரையர் 900. எக்ஸ்பேன்ஷன் வால்வு 1,100. எண்ணெய், கேஸ், ரப்பர் வளையம், குழாய் கழுவுறது எல்லாம் சேந்து 2,400. கூலி 3,500. மொத்தம் 25,200. கம்ப்ரசர் மட்டும் ரீகண்டிஷன் பண்ணினதுன்னா 6,500க்குக் கிடைக்கும், மூணு மாசம் கேரண்டி. உடைச்ச வண்டியில இருந்து கழட்டினது 4,000க்கும் கிடைக்கும், அதுக்கு யாரும் பொறுப்பு இல்லை.

வண்டியை இன்னிக்கு வித்தா 75,000 போகும். அதுல மூணுல ஒரு பங்கு, ஒரு ஏசிக்கு. ஆர்.சி.யும் 2026 வரைக்கும்தான். டீக்கடையில சொன்னா சிரிப்பாங்க. சொல்லவும் சொன்னேன், சிரிக்கவும் சிரிச்சாங்க. ஆனா என்ற சீட்டுல இருந்த கணக்கு வேற. 25,200ங்கறது வாடகைக் காருக்கு 12, 13 நடை. ஒண்ணரை மாசம். அதுக்கு மேல ஓடுறது எல்லாம் லாபம். ரீகண்டிஷன் போட்டா 7,000 மிச்சம். ஆனா அது ஆடியிலயோ ஆவணியிலயோ நடு ரோட்டுல நின்னா, நான் மறுபடி அந்தக் கட்டிலு முன்னால நின்னு கெஞ்சோணும். அந்த 7,000ஐ மிச்சம் புடிக்க எனக்குத் துணிச்சல் வரலை. புதுசையே போடச் சொல்லிட்டேன்.

பணத்துக்கு வீட்டுல மஞ்சள் இருந்துச்சு. விலை இன்னும் ஏறும்னு வெச்சிருந்த விரலி. ஈரோட்டு மார்க்கெட்டுல ரெண்டு குவிண்டால் போட்டேன். கம்ப்ரசர் செலவு போக மாட்டுக்குப் புண்ணாக்கும் வாங்க மிச்சம் இருந்துச்சு. அது வரைக்கும் அம்மாகிட்டத் தொகையைச் சொல்லலை. என்ற சம்சாரம் வாய் தவறிச் சொல்லிருச்சு. "எனக்காகவா இருவத்தஞ்சாயிரம்? நானென்ன இன்னும் இருவது வருசமா இருக்கப் போறேன்? அந்தக் காசுல கெணத்தைத் தூர் எடுத்திருக்கலாமே"ன்னு ஒரு நாள் பூரா பேசலை. அதுக்குப் பதில் சொல்ல எனக்கும் தெரியலை. "கெணறு எங்கயும் போயிராதும்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை வேலை. காலையில 8 மணிக்கே போய்ப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். உழவுக்கு ஆள் விட்டாலும் வரப்புல நின்னு பாக்குற பழக்கம்.

முதல்ல மிச்சம் இருந்த கேஸை ஒரு மிஷின் வெச்சு டப்பாவுக்குள்ள இழுத்துக்கிட்டாரு. "அப்படியே தொறந்து விட்டாப் போகுமே"ன்னு கேட்டேன். அதுக்கு அவரு சொன்ன விவரம் எனக்குப் புதுசு. பழைய காலத்துக் காருங்கள்ல ஆர் 12ன்னு ஒரு கேஸ் இருந்துச்சாம். வானத்துல ஓசோன் படலத்தை அது தின்னுதுன்னு கண்டுபுடிச்சு, 1987ல மாண்ட்ரியல்ல உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு, படிப்படியா நிறுத்தினாங்க. நம்ம நாட்டுல அந்த வகைக் கேஸ் தயாரிக்கறதை 2008ல நிறுத்தியாச்சு. இப்ப எங்க வண்டியில இருக்குறது ஆர் 134ஏ. இது ஓசோனைக் கெடுக்காது. ஆனா பூமியைச் சூடாக்குறதுல, ஒரு கிலோ கரியமில வாயு பண்ணுற வேலையைப் போல 1,300 மடங்குக்கு மேல பண்ணும். அதனால இதையும் கொறைக்கோணும்னு 2016ல கிகாலியில இன்னொரு ஒப்பந்தம். "நீங்க மழையை நம்பிப் பண்ணையம் பண்றவரு. நீங்களே தொறந்து விடச் சொல்லலாமுங்களா?"ன்னு கேட்டாரு. உள்ள குளிர வெச்சுக்கிட்டு வெளிய சூட்டைக் கூட்டுற இந்தச் சங்கதியை அன்னிக்கு ரொம்ப நேரம் யோசிச்சேன். எங்கம்மாவுக்கு அது வேணும், என்ற மஞ்சளுக்கு அது ஆகாது. ரெண்டும் நிஜம்தான்.

அப்புறம் பழைய கம்ப்ரசர், கண்டென்சர், ட்ரையர், வால்வு எல்லாம் கீழ இறங்குச்சு. ரப்பர் குழாயையும் கூலிங் காயிலையும் கழுவுற திரவம் ஊத்தி, நைட்ரஜன் விட்டு ஊதி, வெள்ளைத் துணியில புடிச்சுப் பாத்தாரு. முதல் தடவை கறுப்பு. ரெண்டாவது தடவை காப்பி நிறம். அஞ்சாவது தடவை துணி துணியாவே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் நிறுத்தினாரு. புதுக் கம்ப்ரசர்ல கம்பெனியில ஊத்தி அனுப்பின எண்ணெயை வடிச்சு, அளந்து, கணக்குப் பாத்து மறுபடி ஊத்தினாரு. எண்ணெய் கொறஞ்சாத் தேயும், கூடினாக் குளிர்ச்சி கொறையும். மாட்டுறதுக்கு முன்னால கையாலயே பத்துச் சுத்து சுத்தி விட்டாரு. ஒவ்வொரு ரப்பர் வளையத்துக்கும் விரலால எண்ணெய் தடவி, பச்சக் கொழந்தைக்கு வளையல் போடற மாதிரிப் போட்டாரு.

எல்லாம் மாட்டினதும் நைட்ரஜன் ஏத்தி, இணைப்பு ஒவ்வொண்ணுலயும் சோப்பு நுரை பூசிப் பாத்தாரு. ஒரு கொப்புளமும் வரலை. அப்புறம் வேக்குவம் பம்பைப் போட்டு 45 நிமிஷம் ஓட விட்டாரு. உள்ள இருக்குற காத்தும் ஈரமும் பூரா வெளிய போகோணுமாம். பம்பை நிறுத்தி இன்னும் அரை மணி நேரம் முள்ளையே பாத்துக்கிட்டு உக்காந்தோம். முள்ளு நகரலை. சாப்பிட்டுட்டு வந்து பாத்தாலும் அதே இடம். அதுக்கப்புறம்தான் கேஸ். குத்துமதிப்பா இல்லீங்க, தராசு மேல டப்பாவை வெச்சு, வண்டிக்கு உண்டான 450 கிராமை எடை பாத்து ஏத்தினாரு. நீல முள்ளு 35, சிவப்பு முள்ளு 215. உள்ள காத்து வர்ற வழியில ஒரு தெர்மாமீட்டரைச் சொருகினாரு. வெளிய 39, உள்ள 9.

கிளம்புறப்ப அவரு சொல்லித் தந்தது உங்களுக்கும் உதவும். வெயில்ல நின்ன வண்டியில ஏறின உடனே ஏசியைப் போட வேண்டாம். நாலு கண்ணாடியையும் இறக்கி, ஒரு கிலோமீட்டர் ஓட்டி, அடைஞ்ச வெக்கையை வெளிய தள்ளிட்டுப் போடுங்க. குளிர்ந்தப்பறம் உள் காத்தே சுத்துற மாதிரி அந்தப் பட்டனை மாத்திக்குங்க. கண்டென்சர் மேல படியிற தூசியை மாசத்துக்கு ஒரு தடவை, வேகமா பீச்சாம, தண்ணி விட்டுக் கழுவுங்க. கேஸ் அடிக்கோணும்னு யாராவது சொன்னா, எங்க ஒழுகுதுன்னு காட்டச் சொல்லுங்க. தோட்டத்து வண்டின்னா எலி ஒயரைக் கடிக்குதான்னு அடிக்கடி போனெட்டைத் தூக்கிப் பாருங்க. அப்புறம் மழைக்காலம், பனிக்காலம்னாலும் பத்து நாளைக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஏசியை ஓட விடோணும். ஓட்டாமலே விட்டா உள்ள இருக்குற சீல் எண்ணெய் படாமக் காஞ்சு, அதுவே ஒழுக ஆரம்பிச்சுருமாம்.

வெள்ளிக்கிழமை அம்மா பேசாமத்தான் வண்டியில ஏறுச்சு. திரும்பி வர்றப்ப பவானிக்கு முன்னாலயே தூங்கிப் போச்சு. வீடு வந்தப்பறம் எழுப்பினேன். "அதுக்குள்ள வந்தாச்சா?"ன்னு கேட்டுச்சு. மருந்துச் செலவுக்கு ரசீது கொடுக்கற மாதிரி எனக்கு அந்த ஒரு வார்த்தை. அந்தக் கோடையில அதுக்கப்புறம் ஒரு நாளும் அம்மா வர மாட்டேன்னு சொல்லலை.

ஆடியில குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவும் மாட்டுச் சந்தையும் முடிஞ்சு, ஐப்பசியில மழை புடிச்சுக்கிச்சு. இப்ப ரோட்டுல ஏசி தேவையே இல்லை. ஆனாலும் மெக்கானிக் சொன்னபடி பத்து நாளைக்கு ஒருக்கா வாசல்ல வேப்ப மரத்தடியில நிறுத்தி ஓட விடறேன். இஞ்சின் சத்தம் கேட்டதும் அம்மா போர்வையைச் சுத்திக்கிட்டு மெதுவா வந்து முன் சீட்டுல உக்காந்துக்கும். எங்கயும் போகலைன்னு தெரியும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு நாள் பாத்துட்டு, "ஏனுங்க பெரியம்மா, மழை பேயறப்பக் கூட ஏசிங்களா?"ன்னு கேட்டாரு.

"மஞ்சள் வித்த காசுல வாங்கின குளிரு கண்ணு. வீணாப் போகலாமா?"ன்னு சொல்லிட்டுக் கண்ணாடியை ஏத்தச் சொல்லுச்சு.